எம்எம்550 ஜீப்புக்குத் தண்ணீர் சுற்றும் டர்போ: வீட்டிலேயே மாட்டலாமா?

கள்ளந்திரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மகிந்திரா எம்எம்550 எக்ஸ்டி, ஃபோர் வீல் டிரைவ். உள்ளே இருப்பது பெஜோ வடிவமைத்த எக்ஸ்டி3பி டீசல் என்ஜின், 2498 சிசி, டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாமான்) இல்லாதது. ரிங், மெட்டல் (பேரிங்) எல்லாம் மாற்றியாகிவிட்டது, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறது. ஆனால் உர மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு சிறுமலை ஏறினால் 18 கொண்டை ஊசியையும் இரண்டாவது கியரிலேயே கடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதே இல்லை.

சென்னை புதுப்பேட்டைக்குப் போன நண்பர் ஒரு டர்போ வாங்கி வந்து கொடுத்தார். மிட்சுபிஷி 4டி56 என்ஜினில் இருந்து கழற்றிய டிடி04. நடு ஹவுசிங்கில் (ஷாஃப்ட் சுற்றும் கூடு) ஆயிலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வழி இருக்கிறது. அதைத் தவிர பக்கத்துக்கு ஒன்றாகத் தண்ணீருக்கும் இரண்டு வாய் இருக்கிறது.

என் கேள்விகள்: தண்ணீரை எங்கிருந்து எடுத்து எங்கே விடுவது? அந்த இரண்டு வாயையும் அடைத்துவிட்டு ஆயிலிலேயே ஓட்டினால் என்ன? டீசல் பம்பைத் தொட வேண்டுமா? வெல்டிங் மெஷினும் டிரில்லிங் மெஷினும் வீட்டில் இருக்கின்றன. லேத் வேலை மட்டும் வெளியில்தான்.

சிம்மக்கல்வாசி

தம்பி, முதலில் கெட்ட செய்தி. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் 182ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எம்எம்550 என்றால் 15 வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்டிஓ ஆபீசில் நிறுத்திக் காட்ட வேண்டிய வண்டி அது.

இரண்டாவது, 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ கம்பெனியிலிருந்தே டர்போவோடு 105 குதிரைத்திறன் தருகிறது. பழைய தாரை வாங்கிவிட்டால் தலைவலி மிச்சம். வீட்டு வாசலில் டர்போ மாட்டி வண்டி நடுமலையில் நின்றால் இறக்கிக் கொண்டுவர ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதூர் லேத்

சிம்மக்கல் அண்ணன் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் கேட்டவர் கேட்டது வேறு. நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாங்கிய டர்போவை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். ஷாஃப்டை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்தால் அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடும், உள்ளே ஆயில் இல்லாதபோது அது இயல்பு. ஆனால் அப்படி ஆட்டும்போது இறக்கை ஹவுசிங் சுவரில் உரசினால் அந்த டர்போ குப்பைக்கு. சுவரில் வட்டமாகக் கீறல் தெரிந்தாலும் அதே கதைதான். லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றுகிற சாமான், ‘கொஞ்சம் உரசினால் பரவாயில்லை’ என்கிற பேச்சே கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் என் கருத்து, அடைத்துவிடலாம். லாரி, பஸ் டர்போவெல்லாம் வெறும் ஆயிலில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. டீசல் புகை பெட்ரோல் அளவுக்குச் சுடாது.

வாத்தியார்58

லேத் அண்ணே, லாரிக்கு அது பொருந்தும். ஆயிலை மட்டுமே நம்பி ஓட வேண்டும் என்றே செய்யப்பட்ட ஹவுசிங் அது. இவர் கையில் இருப்பது தண்ணீர் ஓட வேண்டும் என்று வார்த்த ஹவுசிங். அதில் தண்ணீரை நிறுத்தினால் அந்த இடம் வெறும் காற்றுப் பொந்தாகிவிடும். அது வெப்பத்தைக் கடத்தாது.

தண்ணீர் எதற்கு என்பதையே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வண்டி ஓடும்போது வெப்பத்தை எடுத்துப்போக ஆயிலே பெரும்பாலும் போதும். வில்லங்கம் சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான். மலை ஏறி வந்து சட்டென்று அணைக்கிறீர்கள். புகை பக்கத்து வார்ப்பு இன்னும் 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, ஆயில் பம்ப் நின்றுவிட்டது. அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாக மெட்டலுக்கு வந்து, அங்கே தங்கிய ஆயிலைக் கருக்கிப் பொருக்காக்கும். நாலு தடவை அப்படி நடந்தால் ஆயில் போகும் ஓட்டையே அடைபடும். தண்ணீர் இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். வாட்டர் பம்ப் சுற்றாவிட்டாலும் சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழிருந்து வரும், ஓட்டம் தானாக நடக்கும்.

அது நடக்க ஒரே நிபந்தனை, குழாய் போகிற போக்கு. தண்ணீர் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேற வேண்டும். இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடு ஹவுசிங்கைச் சுமார் 20 டிகிரி சாய்த்து ஒரு வாயை உயர்த்துங்கள். ஆயில் வடியும் வாய் மட்டும் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. வெளியேறும் ஹோஸ் முழுக்க ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வளைவு விட்டால் அங்கே காற்று உட்கார்ந்துகொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

அடைத்தே தீருவேன் என்றால், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காய வைத்து, ஒரு வாயைத் திறந்தே விடுங்கள். தண்ணீரோடு இரண்டு பக்கமும் பிளக் போட்டால் அது நீராவிக் குண்டு.

புதூர் லேத்

நீராவி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிற பழக்கம் இருந்தால் தண்ணீர் இல்லாமலும் ஓடும் என்பதுதான் என் கட்சி.

வாத்தியார்58

உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. வண்டியை எடுத்துப்போகிற மச்சானுக்கும் இருக்க வேண்டுமே!

நத்தம் மாந்தோப்பு

நானும் இதே என்ஜினில் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வீட்டில் மாட்டுகிற டர்போ பெரும்பாலும் சாவது ஆயில் ரிட்டர்னில்தான்.

மேலே ஆயில் வருவது பிரஷரில், ஓட்டை சின்னது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே மெட்டலில் அடிபட்டு நுரைத்து வெளியே வரும் ஆயிலுக்குப் பிரஷரே கிடையாது. தன் எடையில் விழுந்தால்தான் உண்டு. அதனால் ரிட்டர்ன் குழாய் முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும், நேராக இறங்க வேண்டும், சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். சம்ப்பைக் கழற்றி வெளியே வைத்துத்தான் வெல்டு செய்ய வேண்டும். வண்டியிலேயே வைத்து ஓட்டை போட்டால் இரும்புத் தூள் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பிரீத்தர், என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி. ரிங் தேய்ந்த என்ஜினில் கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) பிரஷர் ஏறும். அந்தப் பிரஷர் ரிட்டர்ன் குழாய் வழியே மேலே தள்ளினால் ஆயில் இறங்காது, சீல் வழியாக இரண்டு பக்கமும் கசியும். உடனே ‘டர்போ போச்சு’ என்று புதிது வாங்கி மாட்டுவார்கள், அதுவும் கசியும். ஐடிலில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து தலைகீழாக வைத்துப் பாருங்கள். அது துள்ளி விழுந்தால் டர்போ வேலையை நிறுத்திவிட்டு என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

தண்ணீர் எடுக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். நம்ம ஊரில் ஜீப்புக்கு ஹீட்டர் எதற்கு? ஹெட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் வாயைப் பிளக் போட்டு அடைத்திருப்பார்கள் அல்லது ஹோஸை அப்படியே சுற்றி மாட்டியிருப்பார்கள். அங்கிருந்து எடுத்து டர்போவின் கீழ் வாய்க்கு, மேல் வாயிலிருந்து வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு. இந்தப் பாதை தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டர் பக்கம் விடாத வால்வு) மூடியிருக்கும்போதும் ஓடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸிலிருந்து எடுத்தால் ஓடாது. டர்போவின் மேல் வாய் ரேடியேட்டர் மூடியை விடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கள்ளந்திரிக்காரன்

மூடி சோதனை செய்துவிட்டேன், அசையவில்லை. லேசாகப் புகைகிறது, அவ்வளவுதான். ஹீட்டர் வாயும் பிளக்கோடு இருக்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட்டே இல்லை! முன்பு வைத்திருந்தவர் ‘ஹீட் ஆகுது’ என்று ஒரு பட்டறையில் சொன்னதற்கு அதைக் கழற்றி வீசியிருக்கிறார்கள்.

நத்தம் மாந்தோப்பு

பாதி வண்டிகளில் அதுதான் கதை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் முழுக்க ரேடியேட்டர் பக்கமே ஓடும், டர்போவுக்கான சின்னக் குழாயில் போக அதற்கு அவசியமே இருக்காது. என்ஜினும் சரியான சூட்டுக்கு வராது, சிலிண்டர் வேகமாகத் தேயும்.

அப்புறம் ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மேலூர், கொட்டாம்பட்டி பக்கமெல்லாம் பாறை பூமி, எங்கள் நத்தமும் அப்படித்தான். குடத்து அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு டர்போவின் தண்ணீர் வழியிலும் படியும். ரேடியேட்டராவது கொஞ்ச நாள் தாங்கும், ஹோஸை டர்போவோடு சேர்க்கும் இந்தப் பான்ஜோ போல்ட்டின் ஓட்டை சுண்டுவிரல்கூட நுழையாத அளவு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பான்ஜோவின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது. கிடைக்காவிட்டால் பழையதைச் செந்தணலாகக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும்.

சிம்மக்கல்வாசி

எல்லாம் சரி, பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) எவ்வளவு பவுண்டு வைக்கப் போகிறீர்கள்? அழுத்தம் தாங்காமல் ஹெட் கேஸ்கட் போனால் யார் பொறுப்பு?

வாத்தியார்58

நல்ல கேள்வி. எக்ஸ்டி3பி இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின், ரிக்கார்டோ காமெட் வகை அறை, டீசல் அந்தச் சின்னத் தனி அறையில்தான் முதலில் எரியும். இந்த ஜாதி என்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் 20-க்கு மேலேயே இருக்கும். அதனால் 7 பவுண்டு, அதாவது 0.5 பார், அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

0.5 பார் என்றால் 50 சதவீதம் அதிகக் காற்று என்று நினைப்பார்கள், அப்படி இல்லை. மதுரை மே மாதம், வெளியே 40 டிகிரி என்று வையுங்கள். கம்ப்ரசரின் திறன் 65 சதவீதம் என்றால், அமுக்கிய காற்று 100 டிகிரியை ஒட்டி வெளியே வரும். சூடான காற்று விரியும். கணக்குப் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 26 சதவீதம்தான். இன்டர்கூலர் (அமுக்கிய காற்றை ஆற வைக்கும் ரேடியேட்டர்) வைத்து அதை 60 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதம் வரும். ஆனால் 7 பவுண்டுக்கு இன்டர்கூலர் கட்டாயம் இல்லை, ஜீப்பில் அதற்கு இடமும் இல்லை. மலைக்கு அந்த 26 சதவீதமே பெரிய விஷயம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைந்துவிடும். டர்போ இல்லாத என்ஜினுக்கு அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வழியே கிடையாது.

டர்போவின் அளவும் பொருந்துகிறது. 2.5 லிட்டர், 4000 ஆர்பிஎம், இந்த பூஸ்ட், எல்லாம் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 6 கிலோ காற்று. டிடி04 அதைச் சுலபமாகத் தரும்.

இனி பம்ப். டீசலில் காற்றைக் கூட்டினால் சூடு குறையும், டீசலைக் கூட்டினால் சூடு ஏறும். பெட்ரோல் ஆட்களுக்கு இது தலைகீழ். டர்போவை மட்டும் மாட்டி பம்பைத் தொடாமல் விட்டால் கரும்புகை குறையும், இழுவை கொஞ்சம்தான் கூடும். ஆபத்தே இல்லாத நிலை அது. ஆசை வந்து, டீசல் அளவைக் கூட்டும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகும்போதுதான் பிஸ்டன் உருகுகிறது. டர்போவுக்கென்றே செய்த என்ஜின்களில் பல பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டோடு வரும். உங்களுடையதில் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

எனவே பூஸ்ட் கேஜ் வாங்கும் முன் பைரோமீட்டர் (புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர்) வாங்குங்கள். அதன் சென்சார் கே வகை தெர்மோகப்பிள், டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் குழாய்). பின்னால் வைத்தால் 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். தொடர்ந்து ஏறும்போது 700 டிகிரியைத் தொடவே கூடாது.

புதூர் லேத்

மேனிஃபோல்டு என் பாடம். பழைய வார்ப்பில் வெட்டி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வார்ப்பிரும்பை முன்கூட்டிக் காய்ச்சி நிக்கல் ராடில் ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆற வைக்க வேண்டும், அப்படியும் விரிசல் வரும். கனமான ஸ்டீம் பைப், ரெடிமேட் எல்போ, 12 எம்எம் தகட்டில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் முகத்தகடு), இதுதான் வழி. எஸ்எஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரிந்து மூலைகளில் கீறும்.

ஃபிளாஞ்சை ஒரே பட்டையாக வெட்டி, ஏதாவது பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு வெல்டு செய்யுங்கள். முடிந்ததும் போர்ட்டுக்கு இடையில் அறுத்துவிடுங்கள், தனித்தனியாக விரிந்து சுருங்கட்டும். முகத்தை ஒரு முறை மில்லிங்கில் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். டர்போவின் எடை முழுவதையும் மேனிஃபோல்டே தாங்கக் கூடாது, பிளாக்கிலிருந்து ஒரு முட்டு கொடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டு மணிகளைச் சுரண்டி எடுக்காமல் மாட்டினால் முதல் நாளே அவை டர்பைன் இறக்கையைத் தின்றுவிடும்.

நத்தம் மாந்தோப்பு

ஏர் கிளீனரையும் மாற்றுங்கள். பழைய ஆயில் சட்டி வகையில் காற்று வேகம் கூடினால் சட்டி ஆயிலையே டர்போ உறிஞ்சும். பெரிய பேப்பர் ஃபில்டர் போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் ஒருவர் பிளைவுட் பலகையோடு நிற்கட்டும். டர்போவின் சீல் விட்டு ஆயில் இன்டேக்குக்குள் போனால் டீசல் என்ஜின் அதையே குடித்து ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க யாரும் துணிய வேண்டாம்.

கள்ளந்திரிக்காரன்

மாட்டியாயிற்று. மேனிஃபோல்டு லேத் அண்ணன் சொன்னபடியே, ஸ்டீம் பைப். தண்ணீர் நத்தம் அண்ணன் வழி, தெர்மோஸ்டாட் புதிது, பலகையோடு நின்றது தம்பி.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் மேல் வாயில் சிரிஞ்சால் ஆயில் விட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க, டீசலைத் திறந்துவிடும் பம்பின் சோலனாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு, ரிட்டர்ன் ஹோஸின் கீழ் முனையை வெட்டிய தண்ணீர் பாட்டிலில் விட்டு, செல்ஃப் மட்டும் அடித்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஹோஸின் வாயில் ஒரு கறுப்புச் சொட்டு தொங்கியது, பின்னாலேயே நுரையாக ஒழுக ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஹோஸைச் சம்ப்பில் மாட்டிவிட்டு ஒயரைக் கொடுத்தேன்.

தண்ணீர் தானாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, சிறுமலை உச்சியில் ஐடிலில் விடாமலேயே அணைத்தேன் (தினமும் அப்படிச் செய்ய மாட்டேன், வாத்தியார் கோபிக்க வேண்டாம்). இரண்டு ஹோஸையும் துணியோடு பிடித்தேன். கீழ் ஹோஸின் சூடு மாறவில்லை. மேல் ஹோஸ் சிறிது நேரத்திலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, பிறகு மெல்ல இறங்கியது. சுற்றுகிறது.

பூஸ்ட் 7 பவுண்டு. ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். அதே சுமையோடு மூன்றாவது கியரில் ஏறுகிறது, பைரோமீட்டர் 640-ஐத் தாண்டவில்லை. கொஞ்சம் ஆயில் மேல் பான்ஜோவில் கசிந்தது, வாஷர் மாற்றினேன், நின்றுவிட்டது.

சிம்மக்கல்வாசி

வாழ்த்துகள் தம்பி, நிஜமாகவே. ஆனால் எஃப்சிக்குப் போகும்போது பழைய மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். புகைச் சோதனையில் இந்தப் பழைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 2.45 (புகையின் அடர்த்தி அளவு), நீங்கள் அதில் தேறிவிடுவீர்கள். ஆனால் புகையில் தேறுவது வேறு, ஆர்சியில் இல்லாத மாற்றம் வேறு. ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் திறந்து பார்ப்பது பானட்டைத்தான். எழுத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள், அதுவரை தோப்புக்குள்ளேயே ஓடட்டும்.

கள்ளந்திரிக்காரன்

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. ஆர்டிஓ ஆபீசில் மனுவாகவே கொடுக்கப் போகிறேன், அவர்கள் என்ன சொன்னாலும் இங்கே எழுதுகிறேன்.

உசிலம்பட்டி4x4

தாமதமாக வருகிறேன். என் ஜீப்பில் எம்டிஐ என்ஜின், 2523 சிசி. இதே டிடி04-ஐ அதே மாதிரி மாட்டலாமா?

புதூர் லேத்

வேண்டாம். உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன், பிஸ்டன் தலையிலேயே குழி இருக்கும், வெப்பம் விழும் இடமே வேறு. அந்த என்ஜினில் கம்பெனியே டர்போ வகை செய்து பொலேரோவிலும் தார் டிஐயிலும் கொடுத்தது. அந்த மேனிஃபோல்டும் டர்போவும் ரிட்டர்ன் குழாயும் பழைய சாமான் கடையில் செட்டாகவே கிடைக்கும், நீங்கள் வெல்டிங் ராடைத் தொடவே வேண்டாம். பிஸ்டனும் பம்பும் இரண்டு வகைக்கும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். என்ஜின் நம்பர், பம்ப் தகட்டில் அடித்திருக்கும் நம்பர் இரண்டையும் எழுதி ஒரு தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.